பதவியில் இருப்பவரின் பலமா, கட்சி அலையா? பிரித்துப் பார்க்க உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைத் தேர்தல்கள் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதுகிறேன். ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

2010 இடைக்காலத் தேர்தலில் (அதிபர் பதவிக்காலத்தின் நடுவில் வருவது) ஜனநாயகக் கட்சி 63 இடங்களை இழந்தது. அவ்வளவு பெரிய அலையிலும், இரு கட்சிகளிலும் சேர்த்து மீண்டும் நின்ற உறுப்பினர்களில் சுமார் 85 சதவீதம் பேர் ஜெயித்துவிட்டார்கள். அந்த வெற்றியில் எவ்வளவு அவர்களுடைய சொந்தச் செல்வாக்கு, எவ்வளவு தொகுதியின் கட்சிச் சாய்வு? இதுதான் என் கேள்வி.

முதலில், ஒருவர் ஓய்வு பெற்றதும் அதே தொகுதியில் அவருடைய கட்சிக்கு வாக்கு எவ்வளவு குறைகிறது என்று கணக்கிட்டேன். ஆனால் தோல்வி வரும் என்று தெரிந்தவர்களும் ஒதுங்குகிறார்கள்தானே? அப்போது அந்தச் சரிவை முழுக்க பதவியின் பலம் என்று எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. எதிர்த்து நிற்பவரின் தரமும் இதில் கலந்திருக்கிறது. வலுவான போட்டியாளர்கள் நல்ல காலத்துக்காகக் காத்திருப்பார்கள்.

அப்புறம், மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் முடிந்த தொகுதிகளை மட்டும் ஒப்பிடும் முறையைப் படித்தேன். சுத்தமான முறைதான். ஆனால் அதில் கிடைப்பது பெரும்பாலும் கட்சிக்கான சாதகம். தனிமனிதருக்கானது எவ்வளவு என்று தெரிவதில்லை. இழுபறி இல்லாத தொகுதிகளுக்கும் அது பொருந்துமா என்பதும் சந்தேகம்.

தொகுதி எல்லைகள் மாற்றப்பட்டபோது புதிதாகச் சேர்ந்த வாக்காளர்களையும் பழைய வாக்காளர்களையும் ஒப்பிட்டு யாராவது வேலை செய்திருக்கிறீர்களா? வாக்குச்சாவடி அளவிலான தரவை எப்படிப் பொருத்தினீர்கள்? அதிபர் தேர்தல் வாக்கைக் கட்சிச் சாய்வின் அளவுகோலாக வைத்தால் போதுமா? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து விரிவாக எழுதுங்கள்.