மருத்துவமனை எட்டாத இடத்தில் முதலுதவி: உறுப்பினர்களின் அனுபவங்கள்

கோவையிலிருந்து ஓர் உறுப்பினர்:

பெங்களூருக்கு வெளியே ஒரு தோப்பில், இரண்டு நாட்களில் மொத்தம் 16 மணி நேரம் நடந்த மலையேற்ற முதலுதவிப் பயிற்சிக்குப் போனபோது, எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதும் நெஞ்சை அழுத்தி உயிர் மீட்பதும்தான் முக்கியப் பாடங்களாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். பயிற்றுநர் அதிக நேரம் எடுத்துக்கொண்டதோ நாடி, மூச்சு, நினைவின் தெளிவு ஆகியவற்றை அடிக்கடி பார்த்து, மணி குறித்துத் தாளில் எழுதும் பழக்கத்துக்கு. நகரத்தில் 108 வண்டி வரும்வரை பார்த்துக்கொண்டால் போதும். மலையில் பல மணி நேரம் நாமே உடனிருக்க வேண்டியிருப்பதால், நோயாளி தேறுகிறாரா மோசமாகிறாரா என்பதை அந்தத் தாள்தான் காட்டும் என்றார்.

அதன் அருமை எனக்கு இமாச்சலத்தின் ஹம்ப்டா கணவாய்ப் பயணத்தில் விளங்கியது. கணவாய் சுமார் 4,270 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு முந்தைய முகாம் பாலு கா கேரா. அங்கே எங்கள் குழுவின் இளையவரான தம்பி மாலையிலிருந்தே தலைவலி என்றார், இரவு உணவையும் ஒதுக்கினார். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்பது வழிகாட்டியின் கருத்து. ஒன்பது மணிக்குக் கூடாரத்தில் எட்டிப் பார்த்தபோது, தம்பி வலது கையுறையை இடது கையில் மாட்ட முயன்று, கட்டைவிரலுக்கு இடம் கிடைக்காமல் திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தார். கூடாரக் கயிறு ஒன்றைத் தரையில் நேராக விரித்து, ஒரு காலின் குதிகால் மறுகாலின் விரல்களைத் தொடும்படி அதன்மேல் நடக்கச் சொன்னேன். மூன்று அடி வைத்தார். நான்காவது அடியில் என் தோள்மேல் சாய்ந்தார்.

உயரத்தில் தலைவலி பலருக்கும் வரும். நடையில் தள்ளாட்டமும் செயலில் குழப்பமும் சேர்ந்தால் மூளையில் வீக்கம் தொடங்கிவிட்டது என்றே கொள்ள வேண்டும். விடியட்டும் என்று காத்திருப்பது உயிருக்கு ஆபத்து. தயங்கிய வழிகாட்டியிடம் நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் தாளைக் காட்டினேன்: ஏழு மணிக்கு 92 ஆக இருந்த நாடி ஒன்பது மணிக்கு 118. அதற்குமேல் அவர் மறுக்கவில்லை. அவருடைய மருந்துப் பெட்டியிலிருந்த டெக்ஸாமெத்தசோன் என்ற, மூளை வீக்கத்தைத் தணிக்கும் மருந்தில் 8 மில்லிகிராம் கொடுத்துவிட்டு (அது இறங்கும்வரை தாங்க உதவுமே தவிர, இறங்குவதற்கு மாற்றாகாது), இருவர் இருபுறமும் தாங்கிக்கொள்ள, இரவோடு இரவாகச் சிக்கா முகாமுக்கு இறங்கினோம். விடிந்தபோது தம்பி தன் காலணிக் கயிற்றைத் தானே கட்டிக்கொண்டார். உணவை ஒதுக்கியபோதே கயிற்றை விரித்திருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

திருவண்ணாமலையிலிருந்து ஓர் உறுப்பினர்:

அண்ணா, மணி குறித்து எழுதுவதைப் பற்றி நீங்கள் சொன்னதும் ஜவ்வாது மலையில் நடந்தது நினைவுக்கு வந்தது. இருட்டும் நேரத்தில், விறகு சுமந்து வந்த ஓர் அக்காவைக் கணுக்காலில் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. கூடியவர்களில் ஒரு பெரியவர் கடிவாயைக் கீறிவிட்டுத் துண்டால் இறுக்கிக் கட்டச் சொன்னார். அவருக்கு அக்காமேல் இருந்த அக்கறையில் குறையில்லை. "ஐயா, இந்த நஞ்சு இரத்தத்தை உறைய விடாது. கீறினால் இரத்தம் நிற்காது, இறுக்கினால் காலே கெட்டுப்போகும்" என்று கைகூப்பிச் சொன்ன பிறகே அவர் விலகினார்.

முதலில் கொலுசையும் மெட்டியையும் கழற்றினேன். மெட்டி எளிதில் வரவில்லை. சோப்பு நீர் தடவித் திருகியே எடுக்க வேண்டியிருந்தது. அரை மணி நேரத்தில் அந்த விரல் வீங்கிய வீக்கத்தைப் பார்த்தபோதுதான், பயிற்சியில் இதை ஏன் அத்தனை முறை வலியுறுத்தினார்கள் என்பது புரிந்தது. வீக்கத்தின் விளிம்பில் பேனாவால் கோடு போட்டு 6.20 என்று எழுதினேன், 6.40-க்குப் போட்ட கோடு நான்கு விரற்கடை மேலே இருந்தது. காலை அசையாதபடி மூங்கில் தப்பை வைத்துக் கட்டி, அக்காவை நடக்க விடாமல், வேட்டியைத் தூளியாக்கிக் கழியில் சுமந்து சாலைக்குக் கொண்டுசென்றோம்.

மருத்துவர் முதலில் பார்த்தது அந்தக் கோடுகளைத்தான். கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்த இரத்தம் உறையவில்லை என்றதும் நஞ்சுமுறி மருந்தை ஏற்றத் தொடங்கினார். எட்டாம் நாள் பார்க்கப் போனபோது அக்கா எழுந்து உட்கார்ந்திருந்தார். என் பையிலேயே தங்கிவிட்ட மெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன்.