குளூட்டனைத் தமிழில் எப்படிச் சொல்வது?

குழு அன்பர்களுக்கு வணக்கம். சீலியாக் நோய் (கோதுமை போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதத்தை உண்டால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய்) உள்ள என் அக்காள் மகளுக்காக, வீட்டுப் பெரியவர்களுக்கும் புரியும்படி ஓர் உணவுக் குறிப்பைத் தமிழில் எழுதி வருகிறேன். அதில் 'குளூட்டன்' என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன். இலத்தீனில் இதற்குப் பசை என்றே பொருள். ஆங்கிலத்தின் 'குளூ'வும் அதே வேரிலிருந்து வந்ததுதான். இத்தாலியின் பொலோஞா நகரத்து அறிஞர் பெக்காரி, கோதுமை மாவை நீரில் கழுவி மாச்சத்தை நீக்கிய பின் எஞ்சும் இந்தப் பொருளைப் பற்றி எழுதிய கட்டுரை 1745-இல் வெளிவந்தது. நானும் ஒரு பிடி மைதாவைப் பிசைந்து குழாய் நீரில் அலசிப் பார்த்தேன். வெள்ளையாய் மாவு நீர் வடிந்து முடிந்ததும், ரப்பர் போல இழுபடும் மங்கலான உருண்டை ஒன்று கையில் மிஞ்சியது.

'பசையம்' என்று சிலர் எழுதுகிறார்கள். பொருத்தமான சொல்தான், ஆனால் அதைப் படிக்கும் அம்மா, ஒட்டுகிற எல்லாவற்றையும், குழைந்த சோற்றையும்கூட, விலக்கிவிடுவாரோ என்று அஞ்சுகிறேன். அரிசியில் இந்தப் புரதம் இல்லை. கூட்டுப் பெருங்காயத்திலோ கோதுமை மாவு கலந்திருக்கக்கூடும். பரோட்டா மாவின் இந்த இழுவைக்கு உங்கள் ஊரில் வழங்கும் சொல் எது? நோயாளிகளுக்கு இதைத் தமிழில் விளக்கிப் பழகிய மருத்துவர்களும் உணவியலாளர்களும் தாங்கள் பயன்படுத்தும் சொல்லைத் தெரிவித்து உதவ வேண்டுகிறேன்.