ஒடியல் கூழ்: ஒரு தரம் கசப்பு, மறு தரம் தண்ணி. எங்க பிழை?

கேள்வி (ஹட்டன்)
ஒடியல் (காய்ஞ்ச பனங்கிழங்கு) கூழ் காய்ச்ச யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ரெண்டு பக்கற் மா. முதலாவதில் காய்ச்சின கூழ் ஒரே கசப்பு. ரெண்டாவதில் கசப்பே இல்லை, ஆனா எவ்வளவு கொதிச்சும் இறுகல. மா மணல் மாதிரி அடியில நிக்குது. பலாக்கொட்டையும் வேகல. எட்டுப் பேருக்கு அளவு சொல்லுங்க.

பதில் (பனங்கூடல்)
ரெண்டாவது பக்கற் புழுக்கொடியல் மா. பனங்கிழங்கை அவிச்சுக் காயவைச்சால் புழுக்கொடியல். பச்சையாகவே கிழிச்சுக் காயவைச்சால் ஒடியல். அவிச்சதில் மாப்பொருள் ஏற்கனவே வெந்துவிட்டது, கூழை இறுக்காது. அதைத் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுச் சாப்பிடுங்கோ.

முதலாவதுதான் சரியான மா, ஊறவிடாததுதான் பிழை. கால் கிலோ மாவை ஒன்றரை லீற்றர் தண்ணியில் கரைச்சு அரை மணித்தியாலம் விடுங்கோ. தும்பு மிதக்கும், மேல் தண்ணி மஞ்சளிக்கும், மா அடியில் படியும். மேலே நிற்பதை ஆடாமல் ஊற்றிவிடுங்கோ. நுனிநாக்கில் வைச்சுப் பாருங்கோ, கசந்தால் இன்னொருக்கா.

மீன் அரைக் கிலோ, நண்டும் றாலும் கால் கிலோப்படி, பலாக்கொட்டை 20, மரவள்ளி கால் கிலோ, பயித்தங்காய் ஒரு பிடி, அரிசி ஒரு பிடி, செத்தல் மிளகாய் 15 (மஞ்சளோடு அரைச்சது), எலுமிச்சங்காய் அளவு புளி, தண்ணி 3 லீற்றர்.

பதில் (மலைநாட்டு அடுப்பு)
பலாக்கொட்டை வேகாததுக்கு உயரமும் ஒரு காரணம். நுவரெலியாவில் தண்ணி 94 பாகை அளவிலேயே கொதிச்சிடும்; ஹட்டனில் அதைவிடக் கொஞ்சம் கூட. கொட்டை, மரவள்ளி, அரிசி மூணையும் முதல்ல தனியா வேகவைங்க, குக்கர் இருந்தா லேசு. புளியை முன்னுக்கே ஊத்தினா கொட்டை இன்னும் முரண்டு பிடிக்கும். பிறகு நண்டு, மீன், றால், அரைச்ச மிளகாய், புளி. கடைசியா மாக்கரைசல், சின்ன நெருப்பில் 10 நிமிஷம், கை எடுக்காம துழாவணும், விட்டா அடிப்பிடிக்கும். முருங்கை இலை தூவி இறக்குங்க. ஆற ஆற இறுகும், அதனால அடுப்பில் கொஞ்சம் தண்ணியாவே இருக்கட்டும்.

மீன் புதுசா கிடைக்கலன்னா நெத்தலிக் கருவாடு போடலாம், உப்பைக் குறைச்சுக்குங்க. கித்துள் பனை மாவும் இறுகும்தான், ஆனா அது கூழாகாது, களி.

பதில் (பனங்கூடல்)
மாவாக வாங்காமல் ஒடியலாகவே வாங்குங்கோ. உங்கட ஈரக்காத்தில் மா சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். முறிச்சால் படக்கென்று ஒடியவேணும்; வளைஞ்சால் அடுப்புக்கு மேலே பரணில் ரெண்டு நாள் வைச்சுப்போட்டு இடியுங்கோ. குடிக்கப் பனையோலைப் பிளாவுக்கு அங்கே வழியில்லை. பலா இலையைக் கோலி ஈர்க்கு குத்தினால் போதும்.