சைலன்ட்ல போட்டும் ‘டிங்’னு சத்தம் வருது, எந்த ஆப்னு எப்படிப் பிடிக்கிறது?

சத்துவாச்சாரி_குமாஸ்தா:
சாம்சங் ஏ சீரிஸ் போன், ஆண்ட்ராய்டு 14. கோர்ட் ஹாலுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே மியூட்ல போட்டுடறேன். மேல குறுக்குக்கோடு போட்ட ஸ்பீக்கர் படமும் தெரியுது. அப்படியும் நடுவுல ‘டிங்’. இழுத்துப் பார்த்தா புதுசா ஒரு நோட்டிஃபிகேஷனும் இருக்காது. சில நாள் மதியத்துக்கு மேல பார்த்தா மியூட்டே தானா எடுபட்டிருக்கு. அண்ணன் கடைக்கான யூபிஐ வியாபாரி ஆப்பும் இதே போன்லதான். ஃபேக்டரி ரீசெட் பண்ணுங்கன்னு சொல்றாங்க. அது இல்லாம வழி இருக்கா?

பாலாறு_பாலம்:
ரீசெட் வேண்டாங்க. அதே ஆப்களைத் திரும்பப் போட்டதும் அதே சத்தம் திரும்ப வரும்.

உங்களுக்கு இருக்கிறது ரெண்டு தனித்தனி பிரச்சினை. மியூட் தானா எடுபடறதை முதல்ல பாருங்க. செட்டிங்ஸ் > சவுண்ட்ஸ் அண்ட் வைப்ரேஷன் போய் மியூட்டைத் தொட்டா, கீழே ‘டெம்பரரி மியூட்’னு ஒரு சுவிட்ச் இருக்கும். அது ஆன்ல இருந்தா, குறிச்ச நேரம் முடிஞ்சதும் போன் தானா சத்தத்துக்குத் திரும்பிடும். காலையில போட்டது மதியம் எடுபடறதுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அது ஆஃப்ல இருந்தும் எடுபடுதுன்னா செட்டிங்ஸ் > ஆப்ஸ் > மூணு புள்ளி > ஸ்பெஷல் ஆக்சஸ் > டூ நாட் டிஸ்டர்ப் பெர்மிஷன் பாருங்க. அந்த அனுமதி உள்ள ஆப்தான் சைலன்ட்டைத் தானா போடவும் எடுக்கவும் முடியும். தேவையில்லாததை ஆஃப் பண்ணிடுங்க. மோட்ஸ் அண்ட் ரொட்டீன்ஸ்ல நேரம் வெச்சு ஏதாவது ஓடுதான்னும் ஒரு பார்வை.

அடுத்தது ‘டிங்’. மியூட் அடைக்கிறது ரிங்டோன், நோட்டிஃபிகேஷன், சிஸ்டம் சத்தம், இவ்வளவுதான். மீடியாவும் அலாரமும் தனி வழி, மியூட்டுக்குக் கட்டுப்படாது. நோட்டிஃபிகேஷன் சத்தத்தை மீடியா வழியா விடற ஆப் எதுவா இருந்தாலும் சைலன்ட்லயும் கத்தும். கேம், விளம்பரம் காட்டற ‘கிளீனர்’ ஆப், காசு வந்ததும் குரல்ல சொல்ற ஆப் எல்லாம் இந்த ரகம். வால்யூம் பட்டனை அமுக்கி, வர்ற பட்டையை விரிச்சு, மீடியாவை மட்டும் பூஜ்ஜியமாக்கி ஒரு நாள் விடுங்க. சத்தம் நின்னா ஆள் அந்தப் பக்கம்தான்.

ஆரணி_ரோடு_சர்வீஸ்:
மேல சொன்னது சரி. அதோட நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரியை இப்பவே ஆன் பண்ணி வைங்க: செட்டிங்ஸ் > நோட்டிஃபிகேஷன்ஸ் > அட்வான்ஸ்டு செட்டிங்ஸ். ஆன் பண்ணின பிறகு வர்றதைத்தான் அது பதிவு பண்ணும், கடைசி 24 மணி நேரம் காட்டும். வந்த உடனே தானா மறையற நோட்டிஃபிகேஷனும் அதுல மாட்டும். சத்தம் கேட்ட நேரத்தைக் குறிச்சு வெச்சு ஒப்பிடுங்க.

மியூட் எடுபட்டிருக்கிற நேரத்துல, அதுவும் சார்ஜர்லயோ பவர் பேங்க்லயோ இருக்கும்போது மட்டும் கேட்குதுன்னா ஆப்பைத் தேட வேண்டாம். சார்ஜ் பின் ஆடுது, விட்டு விட்டுப் பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் சார்ஜிங் சத்தம் வருது. போர்ட்டுக்குள்ள சட்டைப்பை பஞ்சு அடைஞ்சிருக்கும். போனை அணைச்சுட்டு மரப் பல்குச்சியால மெதுவா எடுங்க. ஊசி வேண்டாம், நடுவுல இருக்கிற நாக்கு உடைஞ்சா போர்ட்டையே மாத்தணும்.

எதுவும் பிடிபடலைன்னா சேஃப் மோட். பவர் மெனுவுல ‘பவர் ஆஃப்’ படத்தை அமுக்கிப் பிடிச்சா ‘சேஃப் மோட்’ வரும். அதுல நீங்க இறக்கின ஆப் எதுவும் ஓடாது. அப்பவும் சத்தம் வந்தா அது போனோட வந்த விஷயம், வரலைன்னா நீங்க போட்ட ஆப். ரீஸ்டார்ட் பண்ணினா பழைய நிலைக்கு வந்துடும்.

சத்துவாச்சாரி_குமாஸ்தா:
டெம்பரரி மியூட் ஆன்லதான் இருந்தது, எடுத்துட்டேன். ஹிஸ்டரில அந்த நேரத்துக்கு ஒண்ணுமே இல்ல. ஆனா மீடியாவைப் பூஜ்ஜியத்துல வெச்சேன், சாயந்திரம் பார்த்தா பாதிக்கு மேல ஏறி நிக்குது. நான் தொடவே இல்லை.

பாலாறு_பாலம்:
அப்போ வியாபாரி ஆப் மேலதான் சந்தேகம். மீடியா வால்யூமை ஏத்தறதுக்கு ஆண்ட்ராய்டுல தனி அனுமதி கேட்கிறதே இல்லை, எந்த ஆப்பும் ஏத்தலாம். கடையில இரைச்சலுக்கு நடுவுல ‘பணம் வந்தது’ன்னு கேட்கணுமே, அதுக்காகவே சில ஆப் சத்தத்தைத் தானா கூட்டிக்கும். நீங்க கேட்கிற ‘டிங்’ அந்த அறிவிப்புக்கு முன்னாடி வர்ற மணியா இருக்கலாம். ஆப்போட நோட்டிஃபிகேஷனை மட்டும் நிறுத்தினா போதாது. ஆப்புக்குள்ளேயே செட்டிங்ஸ்ல குரல் அறிவிப்பு இருக்கும், அதை ஆஃப் பண்ணுங்க. அதுக்கப்புறம் அண்ணனை விட்டு ஒரு ரூபாய் போடச் சொல்லி, போன் மியூட்ல இருக்கும்போதே சோதிச்சுப் பாருங்க.

அந்த சுவிட்ச் இல்லாத ஆப்பா இருந்தா, ஹாலுக்குள்ள போகுமுன் செட்டிங்ஸ் > ஆப்ஸ்ல ஃபோர்ஸ் ஸ்டாப். திரும்ப நீங்க திறக்கிற வரைக்கும் பொதுவா அது எழுந்திருக்காது. காசு வந்த தகவலும் அதுவரைக்கும் வராது, அதை அண்ணன்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. கடைக்கு ஒரு சவுண்ட்பாக்ஸ் வாங்கி வெச்சு, உங்க போன்ல இருந்து அந்த ஆப்பை எடுத்துடறது இன்னும் உத்தமம்.

கொணவட்டம்_7:
ஐபோன் வெச்சிருக்கிறவங்களுக்கும் சேர்த்து: ஒரே ஒரு ஆள் கூப்பிட்டா மட்டும் சைலன்ட்ல அடிக்குதுன்னா, அவர் கான்டாக்டை எடிட் பண்ணி ரிங்டோனுக்குள்ள ‘எமர்ஜென்சி பைபாஸ்’ ஆஃப் பண்ணுங்க. ஆப்னா அதோட நோட்டிஃபிகேஷன் பக்கத்துல ‘கிரிட்டிக்கல் அலர்ட்ஸ்’.

கோர்ட்டுக்குன்னா இன்னொண்ணு. 2023ல நாடு முழுக்க நிறைய பேர் போன்ல சோதனைக்காக அலறவெச்சாங்களே, அந்தப் பேரிடர் எச்சரிக்கை சைலன்ட்டையும் தாண்டி வரும். ஏரோபிளேன் மோட்ல போட்டா அது வராது, ஆனா அலாரம் அடிக்கும். ஹாலுக்குள்ள போகும்போது போனை முழுசா அணைச்சுடுங்க.