ஜெர்மனிக்கு வரும் தர்மபுரி, கிருஷ்ணகிரி பிள்ளைகளுக்கு: பப்ளிக் இன்சூரன்ஸா, பிரைவேட்டா?

ஓசூரிலிருந்து இன்ஜினியர் வேலைக்கும், தர்மபுரிப் பக்கமிருந்து நர்சிங் படிப்புக்கும் ஜெர்மனி கிளம்புகிற பிள்ளைகள் அடிக்கடி கேட்பது இதுதான்: "அக்கா, அங்கே கவர்மென்ட் ஆஸ்பத்திரி நல்லா இருக்குமா, இல்ல பிரைவேட்டுக்கே போயிடலாமா?"

இந்தக் கேள்வி நம் ஊர் அனுபவத்திலிருந்து வருகிறது. தர்மபுரியில் இருப்பவருக்கு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி ஒரு வழி, நர்சிங் ஹோம் இன்னொரு வழி. பெரிய நோய் என்றால் சேலம், ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு. ஜெர்மனியில் ஆஸ்பத்திரிகள் அப்படி இரண்டாகப் பிரிந்திருக்கவில்லை. நகராட்சி நடத்துவது, பல்கலைக்கழகத்துடையது, தேவாலய அமைப்புகள் நடத்துவது, கம்பெனி நடத்துவது என்று ஆஸ்பத்திரிகள் பலவகை. பப்ளிக் இன்சூரன்ஸ் அட்டை ஏறக்குறைய எல்லாவற்றிலும் செல்லும். 'பப்ளிக்', 'பிரைவேட்' என்பது அங்கே உங்கள் இன்சூரன்ஸின் பெயர். ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் பப்ளிக்கில்தான் இருக்கிறார்கள், நல்ல சம்பளக்காரர்கள் பலரும் சேர்த்து. அதனால் பப்ளிக் என்றால் ஏழைகளுக்கானது என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

1883-இல், ஜெர்மனியின் ஆட்சித் தலைவராக இருந்த பிஸ்மார்க் காலத்தில் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய ஏற்பாடு இது. வருமானத்துக்கு ஏற்பக் கட்டு, நோய்க்கு ஏற்ப வைத்தியம் பார்த்துக்கொள் என்பதுதான் அதன் அடிப்படை. சம்பளத்தில் 14.6 சதவீதம், அதன்மேல் பப்ளிக் இன்சூரன்ஸை நடத்தும் ஒவ்வொரு காப்பீட்டு நிதியமும் வைக்கும் கூடுதல் சதவீதம். இரண்டிலும் பாதியைக் கம்பெனி கட்டும். ஒரு வரம்புக்கு மேல் சம்பளம் போனால் கட்டுகிற தொகை அதற்குமேல் ஏறாது. முதுமைக் கவனிப்புக் காப்பீடு என்று இன்னொரு பிடித்தமும் சம்பளச் சீட்டில் இருக்கும். 23 வயது தாண்டி, குழந்தை இல்லாதவர்களுக்கு அது கொஞ்சம் அதிகம். டிகே, ஏஓகே, பார்மர் என்று பல நிதியங்கள் உண்டு. பெரும்பாலான சலுகைகள் சட்டப்படி ஒன்றேதான். எனவே கூடுதல் சதவீதத்தையும், ஆங்கிலத்தில் பேச ஆள் இருக்கிறதா என்பதையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், போதும்.

பிரைவேட்டில் சேர, வேலையில் இருப்பவருக்கு ஆண்டு வருமானம் ஒரு வரம்பைத் தாண்டியிருக்க வேண்டும். 2026-க்கு அது 77,400 யூரோ. தாண்டிய உடனே ஏஜென்ட் போன் வரும். "மாசம் இவ்வளவு மிச்சம், டாக்டர் அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்கும்" என்பார்கள். 28 வயதில், தனி ஆளாக, நோய் எதுவும் இல்லாமல் இருக்கும்போது இரண்டுமே உண்மைதான். அவர்கள் சொல்லாமல் விடுவதைத்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிரைவேட்டில் ஆளுக்கு ஒரு பிரீமியம். கல்யாணமாகி மனைவி வந்தால் அவருக்கு ஒன்று, குழந்தை பிறந்தால் அதற்கு ஒன்று. பப்ளிக்கில் வேலைக்குப் போகாத மனைவிக்கோ கணவருக்கோ, குழந்தைகளுக்கோ தனியாக எதுவும் கட்ட வேண்டியதில்லை. பிரைவேட் பிரீமியம் உங்கள் வயதையும் உடல்நிலையையும் பார்த்துப் போடப்படுகிறது. சம்பளம் குறைந்தால் அது தானாகக் குறையாது. சேரும்போது சர்க்கரை, பிரஷர், பழைய ஆபரேஷன் எல்லாவற்றையும் உள்ளபடி எழுதிக் கொடுக்க வேண்டும். மறைத்தால் பின்னால் ஒப்பந்தத்தையே ரத்து செய்ய அவர்களுக்கு வழியிருக்கிறது. 55 வயதுக்குமேல் பப்ளிக்குத் திரும்புவது ஏறக்குறைய முடியாத காரியம். நிறைய இடங்களில் பில்லை முதலில் நீங்கள் கட்டிவிட்டு, அப்புறம் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும். குடும்பத்தை அழைத்துக்கொள்ள நினைக்கிற யாருக்கும் என் பதில் பப்ளிக்தான். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

பப்ளிக்கில் குறை இல்லையா? இருக்கிறது. தோல், கண், மூட்டு சிறப்பு மருத்துவர்களுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். நானும் தோல் மருத்துவருக்காக அப்படிக் காத்திருந்தேன், எரிச்சலாகத்தான் இருந்தது. இதற்கு ஒரு வழி உண்டு. உங்கள் குடும்ப மருத்துவர் பரிந்துரைச் சீட்டில் அவசரக் குறியீடு போட்டுக் கொடுத்தால், 116117 என்ற மருத்துவ உதவி எண் மூலம் நான்கு வாரங்களுக்குள் ஒரு மருத்துவரைப் பிடித்துக் கொடுப்பார்கள். நீங்கள் விரும்பிய மருத்துவராக இருக்காது, கொஞ்சம் தூரமாகவும் இருக்கலாம். அந்தக் குறியீட்டை வாய் திறந்து கேட்க வேண்டும்.

எனவே வந்த முதல் மாதத்திலேயே, உடம்பு நன்றாக இருக்கும்போதே, வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு குடும்ப மருத்துவரைப் பிடித்துவிடுங்கள். ஜெர்மன் மொழியில் அவரை 'ஹவுஸ்ஆர்ட்ஸ்ட்' என்பார்கள். புது நோயாளிகளைச் சேர்க்கிறார்களா என்று முதலில் கேளுங்கள், பல இடங்களில் இல்லை என்பார்கள். சளி, காய்ச்சலுக்குப் போனால் ஊசி போட மாட்டார்கள், ஆன்டிபயாடிக்கும் அவ்வளவு சீக்கிரம் தர மாட்டார்கள். ஓய்வெடு, நிறையத் தண்ணீர் குடி என்று அனுப்புவார்கள். கவனிக்கவில்லை என்று வருந்தாதீர்கள், அங்கே வைத்தியம் அப்படித்தான். மெடிக்கல் ஷாப்பில் சொல்லி இரண்டு வேளைக்கு மாத்திரை வாங்கும் பழக்கமும் அங்கே கிடையாது. மருந்துச் சீட்டு 2024 முதல் மின்னணுவாகிவிட்டது, மருந்துக் கடையில் உங்கள் இன்சூரன்ஸ் அட்டையைக் கொடுத்தால் போதும். ஒவ்வொரு மருந்துக்கும் 5 முதல் 10 யூரோ வரை உங்கள் பங்கு, ஆஸ்பத்திரியில் படுத்தால் ஒரு நாளைக்கு 10 யூரோ, அதுவும் ஆண்டுக்கு 28 நாள் வரைதான். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இந்தப் பங்கும் இல்லை.

நம் ஊரில் லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்களே என்று காய்ச்சலோடு வேலைக்குப் போய்ப் பழகியவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: வேலையில் சேர்ந்து நான்கு வாரம் ஆனபின் நோய் வந்தால் ஆறு வாரம் வரை முழுச் சம்பளம் கம்பெனி தரும். அதற்குமேல் நீண்டால் இன்சூரன்ஸ், மொத்தச் சம்பளத்தில் 70 சதவீத அளவுக்குத் தரும். மருத்துவச் சான்றைக் கம்பெனி நேரடியாக மின்னணுவில் எடுத்துக்கொள்கிறது. உடம்பு முடியவில்லை என்று கம்பெனிக்கு உடனே சொல்வது உங்கள் பொறுப்பு.

உயிர் போகிற அவசரம் என்றால் 112, நம் 108 மாதிரி. இரவிலோ ஞாயிறன்றோ காய்ச்சல், வாந்தி என்றால் 116117. சாதாரண வயிற்றுவலிக்கு அவசரப் பிரிவுக்குப் போனால் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பீர்கள். முதலில் வந்தவரை விட, முதலில் பார்க்க வேண்டியவரைத்தான் உள்ளே அழைப்பார்கள்.

அடுத்தது அம்மா அப்பா விஷயம். பிரசவத்துக்கு அம்மா வந்து பார்த்துக்கொள்வது நம் வழக்கம். ஆனால் பப்ளிக் இன்சூரன்ஸில் பெற்றோரைச் சேர்க்க முடியாது. விசிட்டர் விசாவில் 90 நாள் வரை தங்கலாம், அதற்குக் குறைந்தது 30,000 யூரோவுக்குப் பயண இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கிற சர்க்கரை, இதய நோய்க்கு அது பெரும்பாலும் பணம் தராது. விதிமுறையை வரிவரியாகப் படித்துப் பாருங்கள். கிளம்பும் முன் அம்மாவுக்கு ஊரிலேயே முழுப் பரிசோதனை செய்து, தங்கப்போகும் நாட்களுக்கான மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு கொடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சீட்டில் பிராண்ட் பெயரோடு மருந்தின் மூலப்பெயரும் இருக்கட்டும். அம்மாவால் வர முடியாமல் போனாலும் பயப்படாதீர்கள். பிரசவத்துக்குப் பிறகு 'ஹெபாம்மே' என்ற மருத்துவச்சி வீட்டுக்கே வந்து தாயையும் பிள்ளையையும் பார்ப்பார், செலவு இன்சூரன்ஸுடையது. ஆள் கிடைப்பது சிரமம் என்பதால், கர்ப்பம் உறுதியான வாரமே தேட ஆரம்பியுங்கள்.

ஊரில் முடித்துவிட்டு வர வேண்டியவை: பல் வேலை, கண்ணாடி. பெரியவர்களுக்குக் கண்ணாடிச் செலவைப் பப்ளிக் பெரும்பாலும் ஏற்காது, பல்லுக்குக் கிரவுன் போட்டால் ஒரு பகுதிதான் தரும். குழந்தைகளின் தடுப்பூசி அட்டையை மறக்கவே கூடாது. தட்டம்மை ஊசிக்குச் சான்று இல்லாமல் மழலையர் காப்பகத்தில் சேர்க்க மாட்டார்கள். விமானம் இறங்கிய நாளுக்கும் வேலை தொடங்கும் நாளுக்கும் இடையில் பப்ளிக் இன்சூரன்ஸ் இருக்காது, அந்த இடைவெளிக்குத் தனியாக ஒரு பயண இன்சூரன்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.