தாத்தா வீட்டுக் குழுவில் சித்தப்பாவின் ஹெவி லைசென்ஸ்

வெள்ளி, இரவு 9:10

அம்பத்தூர் சித்தப்பா: எல்லோருக்கும் ஒரு விஷயம். கம்பெனியில் கணக்கை முடித்துக் கொடுத்துவிட்டார்கள். இனி லேத் வேலை தேடி அலையப் போவதில்லை. ஹெவி எடுத்து லாரி ஓட்டப் போகிறேன்.

பெரியப்பா: 48 வயதிலா? விளையாடுகிறாயா?

அத்தை: தம்பி, முதலில் சாப்பிட்டாயா?

சித்தி: நான் பக்கத்து அறையில்தான் இருக்கிறேன். என்னிடம் சொல்லாமல் குழுவில் சொல்கிறார், பாருங்கள் அண்ணி.

அம்பத்தூர் சித்தப்பா: நேரில் சொன்னால் கத்துவாய். இங்கே மாமா இருக்கிறார்.

சித்தி: மணலி அண்ணா, நீங்களே சொல்லுங்கள். இவருக்குச் சர்க்கரை. 9 மணிக்கெல்லாம் குறட்டை.

மணலி மாமா: 🎤 0:03

மணலி மாமா: தெரியாமல் அழுத்திவிட்டேன். டைப் செய்கிறேன், இருங்கள்.

நான்: (15 நிமிடம் ஆகும், எல்லோரும் சாப்பிட்டுவிட்டு வரலாம்)

இரவு 9:31

மணலி மாமா: மச்சான், வயது பிரச்சினையே இல்லை. ஆள் கிடைக்காமல் வண்டியை ஷெட்டில் நிறுத்தி வைத்திருக்கும் ஓனர்களை எனக்கே தெரியும். ஆனால் இந்த வேலை ஓட்டுவது மட்டும் என்று நினைக்காதே. 28 வருஷத்தில் நான் ஓட்டியதை விடக் காத்துக் கிடந்ததுதான் அதிகம். கன்டெய்னரோடு எண்ணூர் ரோட்டில் ஹார்பர் வரிசையில் மாட்டினால் மணிக்கணக்கில் வண்டி நகராது. கண் அசந்தால் நடுவில் ஒருத்தன் நுழைந்துவிடுவான். ஒன்றுக்குப் போகவே கணக்குப் போட வேண்டும். சர்க்கரைக்காரனுக்கு அதுதான் கஷ்டம், கியர் இல்லை.

பெரியப்பா: இப்போது லாரியில் ஏசி கட்டாயமாமே?

மணலி மாமா: 2025 அக்டோபர் 1-க்குப் பிறகு தயாரான வண்டிகளுக்குத்தான் அண்ணா. புது ஆளை நம்பிப் புது வண்டியை எந்த ஓனர் கொடுப்பான்? பழைய டாரஸ் லாரிதான் கிடைக்கும். இன்ஜின் சூடு தொடையில் அடிக்கும்.

அம்பத்தூர் சித்தப்பா: ஃபர்னஸ் பக்கத்தில் நின்றவன் மாமா நான்.

நான்: சித்தப்பா, கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தால்தான் லாரிக்கு எல்எல்ஆர் போட முடியும். உங்களுக்கு அது சரி. டாக்டரிடம் படிவம் 1ஏ, அதாவது மருத்துவச் சான்று, வாங்க வேண்டும். லைசென்ஸ் வந்தால் 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

சித்தி: அந்த டாக்டரிடம் நானும் வருவேன். இவர் சர்க்கரையை மறைப்பார்.

நான்: இன்னொன்று. 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டியைக் கார் லைசென்ஸிலேயே ஓட்டலாம், தனி பேட்ஜ் தேவையில்லை என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. சின்ன யானையில் (டாடா ஏஸ்) ஆரம்பித்தால் என்ன?

மணலி மாமா: பாப்பா சொல்வதுதான் சரி. ஒரு வருஷம் கோயம்பேட்டுக்குக் காய்கறி அடி. பெரிய வண்டி வேறு மாதிரி. பிரேக் டேங்கில் காற்று ஏறாமல் கிளம்பினால் பிரேக் பிடிக்காது. இடது பக்கம் ஒடித்தால் பின் சக்கரம் உள்ளே வெட்டும். நம் ஊர் ஸ்கூட்டர்காரன் சரியாக அங்கேதான் வந்து நிற்பான்.

அத்தை: இவர் சொல்லாததை நான் சொல்கிறேன். தடா தாண்டி ஒரு தடவை கண் அசந்து வண்டி மீடியனில் ஏறிவிட்டது. எனக்கு 3 வருஷம் கழித்துத்தான் சொன்னார்.

மணலி மாமா: அதை இப்போது ஏன்

அத்தை: இப்போதுதான் சொல்ல வேண்டும்.

இரவு 10:20

சித்தி: சரி. நாளன்றைக்கு ஞாயிறு. அண்ணா கூட மாதவரம் போய் லோடு ஏற்றும் இடத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அப்புறம் பேசலாம். மாத்திரை எடுத்துக்கொண்டு போங்கள்.

ஞாயிறு, பகல் 1:40

அம்பத்தூர் சித்தப்பா: 📷

அம்பத்தூர் சித்தப்பா: காலை 6 மணிக்கு வந்தோம். இன்னும் ஒரு பெட்டி ஏறவில்லை. மாமா தார்பாய் மேல் படுத்துத் தூங்குகிறார்.

சித்தி: நீங்கள்?

அம்பத்தூர் சித்தப்பா: டிரைவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். ஒருத்தர் என்னைவிடப் பெரியவர், 45 வயதில் எடுத்தாராம் ஹெவி.

சித்தி: மாத்திரை போட்டீர்களா?

அம்பத்தூர் சித்தப்பா: சாப்பிட்டுப் போடுகிறேன். லோடு ஏறியதும் சாப்பிடலாம் என்கிறார்கள்.

சித்தி: இப்போதே சாப்பிடுங்கள். லோடு வரும்போது வரட்டும்.