பழைய பெயிண்ட்பால் சிலிண்டர்களை மீண்டும் நிரப்பலாமா? சோதனைத் தேதி, ஆயுள்காலம் குறித்து உதவி தேவை

நீலக்குறி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பெயிண்ட்பால் (வாயு அழுத்தத்தில் இயங்கும் துப்பாக்கியால் சாயக் குண்டுகளைச் சுட்டு ஆடும் விளையாட்டு) ஆடுவதை நிறுத்திவிட்ட நண்பர் ஒருவரிடமிருந்து மூன்று சிலிண்டர்கள் எனக்குக் கிடைத்துள்ளன. முதலாவது, 68 கன அங்குலக் கொள்ளளவும் 4500 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) அழுத்தமும் கொண்ட கார்பன் ஃபைபர் சிலிண்டர். அதன் லேபிளில் தயாரிப்புத் தேதி 2009 ஜூன் என்றும், கடைசி ஹைட்ரோ சோதனை (தண்ணீர் அழுத்தச் சோதனை) 2019 ஜூன் என்றும் உள்ளது. இரண்டாவது, 48 கன அங்குல, 3000 பி.எஸ்.ஐ. அலுமினிய சிலிண்டர். பளபளப்பான சிவப்பு வண்ணம் பூசப்பட்டிருப்பதால் அதன் முத்திரை மங்கலாகத்தான் தெரிகிறது. 2014 என்று படிக்க முடிகிறது. மூன்றாவது, 20 அவுன்ஸ் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர்.

காற்று நிரப்பும் இடத்தில் மூன்றையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கார்பன் சிலிண்டரில் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே இருக்கும் காற்றும் கசியவில்லை. அப்படியிருக்க, மீண்டும் ஒருமுறை சோதனை செய்தால் அதைப் பயன்படுத்த முடியாதா? அலுமினிய சிலிண்டரின் ரெகுலேட்டர் (காற்றின் அழுத்தத்தைக் குறைத்துத் துப்பாக்கிக்கு விடும் கருவி) கசிகிறது என்பதால், கார்பன் சிலிண்டரில் உள்ள ரெகுலேட்டரைக் கழற்றி அதில் பொருத்தலாமா என்றும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

அழுத்தமானி

வணக்கம் நண்பரே. நீங்கள் சோதனைத் தேதியையும் ஆயுள்காலத்தையும் ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. இரண்டும் வெவ்வேறு. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் (டி.ஓ.டி.) குறியீட்டுடன் வரும் கார்பன் ஃபைபர் பெயிண்ட்பால் சிலிண்டர்களுக்குப் பொதுவாக 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதனை தேவை, அதற்கு மேல், தயாரித்த தேதியிலிருந்து 15 ஆண்டுகள் என்ற ஆயுள் வரம்பும் உண்டு. எத்தனை முறை தேறினாலும் அந்த வரம்பு நீளாது. உங்கள் சிலிண்டரின் காலம் 2024 ஜூனில் முடிந்துவிட்டது. சோதனைக்கூடத்தில் கொடுத்தாலும் பொறுப்புள்ளவர்கள் அதை ஏற்கமாட்டார்கள்.

கசியவில்லை என்பது ஓ-ரிங்குகளும் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) வால்வும் நன்றாக இருக்கின்றன என்பதை மட்டுமே காட்டும். சுவரின் வலிமையைப் பற்றி எதுவும் சொல்லாது. அந்த சிலிண்டரின் உள்ளே மெல்லிய அலுமினியக் கூடு ஒன்றும், அதைச் சுற்றி ரெசினில் தோய்த்துச் சுற்றப்பட்ட இழைகளும் உள்ளன. பளுவில் பெரும்பகுதியை இழைகளே தாங்குகின்றன. நீண்ட காலம் தொடர்ந்து இழுவிசையில் இருக்கும் இழைகள் வெளியில் எந்த அறிகுறியும் இல்லாமல் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டே வரக்கூடும். கூடோ ஒவ்வொரு நிரப்பலிலும் விரிந்து, காலியாகும்போது சுருங்குகிறது. கம்பியை மாறி மாறி வளைத்து நிமிர்த்தினால் ஒரு கட்டத்தில் முறிவதைப் போல அதுவும் சோர்ந்து விரிசல் விடும். இந்த இரண்டு தேய்மானங்களையும் மனத்தில் கொண்டுதான் ஆயுள் வரம்பு வைக்கப்பட்டிருக்கிறது.

ஹைட்ரோ சோதனையில், சிலிண்டரைத் தண்ணீரால் நிரப்பி, தண்ணீர் சூழ்ந்த மூடிய தொட்டிக்குள் வைத்து, பணி அழுத்தத்தைப் போல் மூன்றில் ஐந்து மடங்கு அழுத்தம் கொடுப்பார்கள்: 3000 பி.எஸ்.ஐ. சிலிண்டருக்கு 5000, 4500-க்கு 7500. அப்போது சிலிண்டர் எவ்வளவு விரிகிறது என்பதையும், அழுத்தத்தை விடுவித்த பிறகு எவ்வளவு பழைய அளவுக்குத் திரும்பாமல் நிற்கிறது என்பதையும் அளப்பார்கள். திரும்பாத பகுதி, மொத்த விரிவில் அலுமினியத்துக்கு 10 சதவீதத்தையும், முழுவதும் கார்பன் இழை சுற்றியவற்றுக்கு 5 சதவீதத்தையும் தாண்டினால் அந்த சிலிண்டர் நிராகரிக்கப்படும். தண்ணீர் அழுத்தத்தில் மிகச் சிறிதளவே சுருங்கும் என்பதால், சோதனையில் சிலிண்டர் உடைந்தாலும் காற்றைப் போல் வெடித்துச் சிதறாது.

பச்சைத்தொப்பி

முழு அலுமினிய சிலிண்டருக்கு (முத்திரையில் 3ஏஎல் என்று இருக்கும்) இப்படி ஆயுள் வரம்பு இல்லை; 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை தேறிக்கொண்டிருக்கும் வரை பயன்படுத்தலாம். ஆகவே இரண்டாவது சிலிண்டருக்கு வாய்ப்பு இருக்கிறது என்பது என் எண்ணம். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் அப்படியே. 2 அங்குலத்துக்கும் குறைவான விட்டமும் 2 அடிக்கும் குறைவான நீளமும் கொண்ட சிறியவற்றுக்கு மட்டும் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. 20 அவுன்ஸ் சிலிண்டர் அந்த அளவைத் தாண்டியது என்பதால் உங்களுக்கு விலக்கு கிடையாது.

அழுத்தமானி

பச்சைத்தொப்பி சொல்வது சரிதான், ஆனால் அந்தச் சிவப்பு வண்ணம் எனக்குக் கவலை தருகிறது. நீலக்குறி, அது தெளிப்பானில் அடித்துக் காயவைத்த வண்ணமா, அடுப்பில் சுட்டெடுக்கும் பவுடர் கோட்டிங்கா என்று நண்பரிடம் கேட்டுச் சொல்ல முடியுமா? 3ஏஎல் சிலிண்டர் ஏறக்குறைய 176 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறியிருந்தால் அதைக் கழித்துவிட வேண்டும் என்பது விதி. இந்த அலுமினியக் கலவைக்கு வலிமை வெப்பப் பதப்படுத்தலால் கிடைக்கிறது. மறுபடி அதிகம் சூடாக்கினால் அந்த வலிமை போய்விடும். பவுடர் கோட்டிங் பெரும்பாலும் அந்த வெப்பநிலையைத் தொட்டோ தாண்டியோதான் சுடப்படுகிறது.

ரெகுலேட்டரை மாற்றும் எண்ணத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். மரை பொருந்தும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்தே. 4500 சிலிண்டரின் ரெகுலேட்டரில் உயர் அழுத்தப் பக்கத்துப் பர்ஸ்ட் டிஸ்க் (அழுத்தம் மிஞ்சினால் உடைந்து காற்றை வெளியேற்றும் பாதுகாப்புத் தகடு) 7500 பி.எஸ்.ஐ.க்கானது, 3000 சிலிண்டருக்கு 5000-க்கானது. மேலே சொன்ன சோதனை அழுத்தங்களோடு இவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். மாற்றிப் பொருத்திய சிலிண்டரை யாரேனும் தவறுதலாக 4500 வரை நிரப்பினாலும், அது வெயிலில் கிடந்து அழுத்தம் மேலும் ஏறினாலும், சிலிண்டரின் சோதனை அழுத்தத்தைத் தாண்டிய பிறகும் அந்த டிஸ்க் உடையாது.

நீலக்குறி

விரிவான விளக்கத்துக்கு மிக்க நன்றி ஐயா. நண்பரிடம் கேட்டேன். வாகன உதிரிபாகங்களுக்கு வண்ணம் பூசும் பட்டறையில் கொடுத்து, பவுடர் கோட்டிங்தான் செய்ததாகச் சொல்கிறார். எத்தனை பாகையில் சுட்டார்கள் என்பது அவருக்குத் தெரியவில்லை. இவற்றை எப்படிப் பாதுகாப்பாகக் கழிப்பது?

அழுத்தமானி

வெப்பநிலை தெரியாத நிலையில் அலுமினிய சிலிண்டரையும் கழிப்பதே சரி. அதைச் சோதனைக்கு அனுப்பிப் பார்க்கலாமே என்று தோன்றினாலும் அனுப்ப வேண்டாம்.

கார்பன், அலுமினிய சிலிண்டர்கள் இரண்டையும் ஒவ்வொன்றாகத் துப்பாக்கியில் பொருத்தி, குழல் உறையை மாட்டி, பாதுகாப்பான இடத்தில் குண்டில்லாமல் சுட்டு, மானி பூச்சியத்துக்கு வரும்வரை காற்றை வெளியேற்றுங்கள். ரெகுலேட்டரை நீங்களே கழற்றாமல் சோதனைக்கூடத்தில் கொடுங்கள். உள்ளே எதுவும் மிஞ்சவில்லை என்பதை உறுதிசெய்த பிறகு அவர்களே கழற்றி, இனி யாரும் நிரப்ப முடியாதபடி கழுத்து மரையை அழித்துவிடுவார்கள் அல்லது சிலிண்டரை அறுத்துவிடுவார்கள். ஸ்டிக்கரை மட்டும் கிழித்துவிட்டுக் குப்பையில் போட்டால், வேறொருவர் அதை எடுத்து நிரப்ப முயல்வார்.

பச்சைத்தொப்பி

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் சோதனையில் தேறினால், வால்வும் சிலிண்டரும் சேரும் இடத்தில் இரண்டின் மேலும் படும்படி நகப்பூச்சால் ஒரு கோடு போட்டுவையுங்கள். துப்பாக்கியிலிருந்து சிலிண்டரைக் கழற்றுகிறோம் என்று நினைத்துத் திருகும்போது, உண்மையில் வால்விலிருந்து சிலிண்டர் கழன்று, ஏவுகணைபோல் பறந்து உயிரைப் பறித்த விபத்துகள் நடந்திருக்கின்றன. திருகும்போது கோட்டின் இரு பாதிகளும் விலகத் தொடங்கினால் உடனே நிறுத்திவிட்டு, துப்பாக்கியோடு சேர்த்தே பயிற்சி பெற்றவரிடம் கொண்டுசெல்லுங்கள்.